சீனப் பெரியவர்களுக்கு ஆங்கில வாசிப்பு சொல்லிக்கொடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சீனாவிலிருந்து வேலைக்கு வந்த பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் தமிழர்கள் இருக்கிறார்கள். வீட்டிலிருந்தபடியே இணையவழியில் சொல்லிக்கொடுப்பவர்களும் உண்டு. புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் கேட்கிற கேள்விகளையும், என் அனுபவத்தில் சரியென்று படுகிற பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். பேச்சு, எழுத்து பற்றி இதில் எதுவும் இல்லை. வாசித்துப் புரிந்துகொள்வது மட்டும்தான்.

என் மாணவருக்குச் சொற்கள் தெரியும், இலக்கணம் என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் ஒரு பத்தியைக் கொடுத்து "என்ன சொல்கிறது?" என்றால் முழிக்கிறார். ஏன்?

அவர் ஆங்கிலத்தை வாசித்து வளரவில்லை, பிரித்துப் பார்த்து வளர்ந்தார். சீனாவில் 2001-லிருந்து மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலம் தொடங்குகிறது. பிறகு காவ்காவ் எனப்படும் கல்லூரி நுழைவுத் தேர்வு, அப்புறம் கல்லூரியில் சிஇடி என்ற ஆங்கிலத் தேர்வு. ஆக, உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பவர் பத்து வருடங்களுக்கு மேல் ஆங்கிலம் படித்தவர். அவர் எப்படிப் படித்தார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சீனப் பல்கலைக்கழகங்களில் ஆங்கில வாசிப்பை இரண்டாகப் பிரிப்பார்கள்: ஜிங்டு என்றால் ஆழ்ந்த வாசிப்பு, ஃபான்டு என்றால் பரந்த வாசிப்பு. நடைமுறையில் முதலாவதுதான் ஆட்சி செய்கிறது. ஒரு பக்கப் பாடத்தை எடுத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இலக்கணம், ஒவ்வொரு தொடருக்கும் மொழிபெயர்ப்பு என்று நாள் கணக்கில் அறுத்துப் பார்ப்பார்கள். அடுத்த பாடம், அதே முறை.

இப்படிப் படித்தவர் மொத்தமாக வாசித்த ஆங்கிலப் பக்கங்களை எண்ணிப் பார்த்தால் மிகக் குறைவாக இருக்கும். தெரிந்த சொல்கூட அவருக்குக் கண்ணில் பட்ட மாத்திரத்தில் பொருளாக மாறுவதில்லை. ஒரு கணம் நின்று தேட வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பெரியவர் கட்டுரை வகையை நிமிடத்துக்குச் சுமார் 240 சொல் வேகத்தில் மனத்துக்குள் வாசிக்கிறார். உங்கள் மாணவர் 70, 80 என்று ஊர்ந்தால், வாக்கியத்தின் கடைசிக்கு வரும்போது முதல் பாதி நினைவிலிருந்து நழுவியிருக்கும். திரும்பப் போவார், மறுபடி வருவார். எல்லாச் சொல்லும் தெரிந்தும் பத்தி பிடிபடாமல் போவது இதனால்தான்.

எனவே இன்னும் கடினமான பத்திகளைக் கொடுத்து இதைச் சரிசெய்ய முடியாது. எளிதானதை நிறைய வாசிக்க வைக்க வேண்டும். கீழே உள்ள பெரும்பாலான பதில்கள் இதையொட்டித்தான் இருக்கும்.

சீன மொழியின் அமைப்பு எந்த இடத்தில் அதிகம் இடிக்கிறது?

பெயருக்குப் பின்னால் வரும் விளக்கத்தில். தமிழர்களுக்கு இது சட்டென்று விளங்கும், ஏனென்றால் இந்த விஷயத்தில் தமிழும் சீனமும் ஒரே பக்கம்.

"கமிட்டி போன வருஷம் நிராகரித்த திட்டம்" என்று நாம் சொல்கிறோம். சீனத்திலும் இதே வரிசைதான்: கமிட்டி, போன வருஷம், நிராகரித்த, திட்டம். நம் பெயரெச்ச விகுதி செய்கிற வேலையை அங்கே 'தெ' என்ற சின்ன அசை செய்கிறது. விளக்கம் முழுவதும் முன்னால் வந்து, பெயர் கடைசியில் வரும். ஆங்கிலத்தில் தலைகீழ்: "த ப்ரொபோசல் தட் த கமிட்டி ரிஜெக்டட் லாஸ்ட் இயர்". பெயர் முதலில் வந்து நிற்கிறது, விளக்கம் வால் போல நீள்கிறது. அதோடு முடிந்தால் பரவாயில்லை. அதற்கப்புறம்தான் "ஹாஸ் பீன் ரிவைவ்ட் பை த மேயர்" என்று உண்மையான வினை வருகிறது.

சீன மாணவர் என்ன செய்வார் தெரியுமா? "ப்ரொபோசல்" வரை வருவார், "தட்" பார்த்ததும் நின்று, கண்ணை "இயர்" வரை ஓட்டி, அங்கிருந்து பின்னோக்கி வந்து, சீன வரிசையில் மனத்துக்குள் அடுக்கி வைப்பார். பிறகு மீண்டும் "ஹாஸ் பீன்" என்று தொடங்குவார். இப்படி ஒரு வாக்கியத்துக்கு மூன்று நான்கு முறை முன்னும் பின்னும் ஓடினால் வேகம் எங்கிருந்து வரும்? சீனத் தேர்வு உலகத்தில் "நீண்ட கடின வாக்கியங்கள்" என்று இதற்குத் தனிப் பாடமே உண்டு. அங்கே எழுவாய், பயனிலையை அடிக்கோடிட்டுப் பிரிக்கக் கற்றுக்கொடுப்பார்கள். அது பயனுள்ளதுதான், ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது.

நான் செய்வது இது. வாக்கியத்தைத் துண்டு துண்டாக, வந்த வரிசையிலேயே திரையில் காட்டுவேன். "ஒரு திட்டம்" — எந்தத் திட்டம்? "கமிட்டி நிராகரித்தது" — எப்போது? "போன வருஷம்" — அதற்கு என்ன ஆயிற்று? "மறுபடி உயிர் பெற்றிருக்கிறது" — யாரால்? "மேயரால்". ஒவ்வொரு துண்டும் அடுத்த துண்டுக்கு ஒரு கேள்வியை எழுப்புகிறது. பின்னோக்கிப் போகாமல், கேள்வியோடு முன்னால் நகரும் பழக்கம் இப்படித்தான் வருகிறது. முதலில் அவர்களுக்கு எரிச்சலாக இருக்கும், விடாதீர்கள்.

வேறு எங்கெல்லாம் தவறிப் போகிறார்கள்?

வினை வடிவங்களில். சீனத்தில் வினைச்சொல் காலத்துக்கேற்ப மாறாது. "நேற்று", "நாளை" போன்ற சொற்களும், செயல் முடிந்ததைக் காட்டும் சில அசைகளும் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். அதனால் ஆங்கில வினையின் வாலைக் கவனிக்காமல் தாண்டிப் போகும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. "த பிளான் வுட் ஹாவ் சேவ்ட் மில்லியன்ஸ்" என்பதை "திட்டம் பல மில்லியன் மிச்சப்படுத்தியது" என்று படித்துவிடுவார்கள். நாம் "மிச்சப்படுத்தியிருக்கும்" என்று ஒரே சொல்லில் சொல்வதற்குச் சீன வினையில் தனி வடிவம் கிடையாது. திட்டம் நடக்கவே இல்லை என்பது தவறிப்போனால் பத்தியின் பொருளே கவிழ்ந்துவிடும். இந்த ஒரு வடிவத்துக்கு ஒரு முழு வகுப்பு ஒதுக்கினாலும் தகும்.

இரட்டை இணைப்புச் சொற்களிலும் சிக்கல் உண்டு. சீனத்தில் "ஆனபோதிலும்… ஆனால்", "ஏனென்றால்… அதனால்" என்று ஜோடியாக வரும். ஆங்கிலத்தில் ஒன்று வந்தால் மற்றது வராது. எழுதும்போது "ஆல்தோ" போட்டு "பட்"டும் போடுவது எல்லா ஆசிரியருக்கும் தெரிந்த பிழை. வாசிக்கும்போதும் அதன் நிழல் இருக்கிறது: "ஆல்தோ" பார்த்தவர் வரப்போகும் "ஆனால்" எங்கே என்று காத்திருப்பார், அது வராது, திருப்பம் நடந்த இடத்தைத் தவறவிடுவார்.

அப்புறம், ஒரே ஆளுக்குப் பல பெயர். ஆங்கிலப் பத்திரிகைக்காரர்கள் முதல் வரியில் ஒருவரைப் பெயர் சொல்லி எழுதுவார்கள், அடுத்த வரியில் "அந்தக் கோடீஸ்வரர்" என்பார்கள், மூன்றாவதில் "நிறுவனத் தலைவர்" என்பார்கள். சீன உரைநடை அதே சொல்லைத் திரும்பச் சொல்லத் தயங்காது. ஆகவே மாணவர் மூன்று பேர் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார். பத்தியைக் கொடுத்து, ஒரே ஆளைக் குறிக்கும் எல்லாச் சொற்களையும் ஒரே நிறத்தில் வட்டமிடச் சொல்லுங்கள். சின்னப் பயிற்சிதான், ஆனால் பலன் பெரிது.

ஊர்ப் பெயர், ஆள் பெயர் வந்தாலும் தடுக்கும். எடின்பரோ நகரத்தைச் சீனத்தில் "ஐதிங்பாவ்" என்றே அறிந்தவருக்கு ஆங்கில எழுத்தில் அந்தப் பெயர் புதிய சொல்லாகத் தெரிகிறது. சீன எழுத்தில் பெரிய எழுத்து என்று ஒன்றும் கிடையாது என்பதால், பெரிய எழுத்தில் தொடங்கினால் பெயர், தாண்டிப் போகலாம் என்ற நம்பிக்கை உடனே வருவதில்லை.

எண்களில் ஏன் திணறுகிறார்கள்? கணக்கில் புலிகளாயிற்றே?

கணக்கு பிரச்சினை இல்லை, எண்களைக் கட்டுகிற முறை வேறு. ஆங்கிலம் ஆயிரம், மில்லியன், பில்லியன் என்று மூன்று மூன்று சுழியாக ஏறுகிறது. சீனம் நான்கு நான்காக: 'வான்' என்றால் பத்தாயிரம், 'யீ' என்றால் பத்துக் கோடி. ஒன்று புள்ளி நான்கு பில்லியன் மக்கள் என்று வாசித்தால், அவர் அதை 14 யீ ஆக்க வேண்டும். நாம் 140 கோடி ஆக்குவது மாதிரிதான். லட்சமும் கோடியும் புழங்குகிற நமக்கு இந்தத் தொல்லை நன்றாகவே தெரியும். ஒரு சின்ன அட்டவணை எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளச் சொன்னால் போதும்.

சீன எழுத்துக்குப் பழகிய கண்ணுக்கு ஆங்கில எழுத்து வாசிப்பது கஷ்டமா?

எழுத்துகளை அடையாளம் காண்பதில் கஷ்டமே இல்லை. சீன நிலப்பரப்பில் 1958-லிருந்து பின்யின் எனப்படும் உரோம எழுத்து முறை இருக்கிறது. குழந்தைகள் சீன எழுத்துகளின் உச்சரிப்பையே அதை வைத்துத்தான் கற்கிறார்கள். கைபேசியில் தட்டச்சு செய்யவும் பெரும்பாலோர் அதையே பயன்படுத்துகிறார்கள்.

நுட்பமான வேறுபாடு ஒன்று உண்டு. சீனம் அடர்த்தியான எழுத்து, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இல்லை. சீனம் வாசிக்கும் கண், நிற்கும் இடத்திலிருந்து வலப்பக்கம் இரண்டு மூன்று எழுத்துகளிலிருந்து பயனுள்ள தகவலை எடுத்துக்கொள்கிறது. ஆங்கிலம் வாசிக்கும் கண் பதினான்கு பதினைந்து எழுத்து வரை எட்டுகிறது. இன்னொன்று, சீனப் பின்னணி உள்ளவர்கள் ஆங்கிலச் சொல்லை ஒலியாக உடைப்பதைவிட வடிவமாக நினைவில் வைப்பதில் அதிகம் சாய்கிறார்கள் என்று கொரிய மாணவர்களோடு ஒப்பிட்டுச் செய்த ஆய்வு சொல்கிறது. அதனால்தான் ஒரே மாதிரித் தோற்றமுள்ள சொற்களை, உதாரணத்துக்கு "அடாப்ட்" (adapt), "அடாப்ட்" (adopt) என்று நம் காதுக்கே ஒன்றாக விழுகிற இரண்டையும், அடிக்கடி மாற்றிப் படிக்கிறார்கள். ஒன்று பொருந்திக்கொள்வது, மற்றது தத்தெடுப்பது. ஒலிப்பதிவோடு சேர்த்து வாசிக்க வைத்தால் இந்தக் குழப்பம் குறைகிறது.

சிஇடி, காவ்யென் என்கிறார்களே, அவை என்ன? வாசிப்புக்கு அவற்றில் என்ன இடம்?

சிஇடி கல்லூரி மாணவர்களுக்கான தேசிய ஆங்கிலத் தேர்வு, 1987-ல் தொடங்கியது. நாலாம் நிலை, ஆறாம் நிலை என்று இரண்டு. ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கும். மொத்தம் 710 மதிப்பெண், அதில் வாசிப்புக்கு 35 சதவீதம். நாலாம் நிலையில் 425 எடுத்தால்தான் ஆறாம் நிலை எழுதலாம். வாசிப்புப் பகுதிக்கு 40 நிமிடம். அதற்குள் 15 சொற்களிலிருந்து பொறுக்கிப் பத்துக் கோடிட்ட இடங்களை நிரப்ப வேண்டும், நீண்ட கட்டுரை ஒன்றில் பத்து வாக்கியங்கள் எந்தெந்தப் பத்தியைச் சேர்ந்தவை என்று கண்டுபிடிக்க வேண்டும், பிறகு இரண்டு பத்திகளை வாசித்து ஐந்தைந்து கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

காவ்யென் முதுகலை நுழைவுத் தேர்வு. வேலையில் இருந்துகொண்டே இதற்குப் படிக்கிற பெரியவர்கள் நிறைய. அதன் ஆங்கிலத் தாளில் 100-க்கு 40 மதிப்பெண் நான்கு வாசிப்புப் பத்திகளுக்குப் போகிறது. "வாசிப்பை வென்றவனுக்கே உலகம்" என்று அவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது இதனால்தான். பிரிட்டிஷ், அமெரிக்கப் பத்திரிகைகளிலிருந்து பத்திகளை எடுத்துச் சுருக்கிக் கொடுப்பார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம், பல்கலைக்கழக நிரந்தரப் பதவி, மாணவர் கடன் என்று வரும். பின்னணி தெரியாதவருக்குச் சொல் தெரிந்தும் பயன் இல்லை. அந்தச் சமாச்சாரங்களைச் சீன மொழியிலேயே முன்கூட்டிப் படித்துவிட்டு வரச் சொல்வதில் தப்பே இல்லை.

தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கிறது. இந்த நேரத்தில் எளிய கதைப் புத்தகம் வாசிப்பது வீண்தானே?

மூன்று மாதம் என்றால் பாதி நேரம் பழைய வினாத்தாள், பாதி நேரம் எளிய வாசிப்பு என்பேன். மூன்று வாரம் என்றால் வினாத்தாள் மட்டும். ஒரு வருடம் இருந்தால் முதல் ஆறு மாதம் வினாத்தாள் பக்கமே போக வேண்டாம் என்பது என் கருத்து. பழைய வினாத்தாளை மறுபடி மறுபடி போட்டால் கேள்வி அமைப்பவரின் தந்திரங்கள் பிடிபடும்: சரியான விடை பத்தியின் வாக்கியத்தை வேறு சொற்களில் சொல்லும், தவறான விடை பத்தியின் சொல்லை அப்படியே எடுத்துப் போட்டு ஆசைகாட்டும். இது தெரிந்திருக்க வேண்டியதுதான். ஆனால் இந்த வித்தையைப் பயன்படுத்தக்கூட ஓரளவு வேகம் வேண்டும்.

எல்லாரும் சொல் மனப்பாடம் செய்யும் ஆப் வைத்திருக்கிறார்களே. தொடரச் சொல்லலாமா?

தொடரட்டும், ஆனால் அது வாசிப்பு ஆகாது என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சீனாவில் அகர வரிசைச் சொல் புத்தகங்கள் "அபாண்டன்" என்ற சொல்லில் தொடங்குவதும், கைவிடு என்று பொருள்படும் அந்தச் சொல்லிலேயே பலர் கைவிட்டுவிடுவதும் ஊரறிந்த கதை. பட்டியலில் ஒரு சொல்லுக்கு ஒரு சீனப் பொருள் இருக்கும். பத்தியிலோ, "அட்ரஸ்" என்பது முகவரியாக இல்லாமல் ஒரு சிக்கலைக் கையாள்வதாக வரும். "நாவல்" புதுமையானது என்ற பொருளில் வரும். "சாம்பியன்" ஒரு கொள்கைக்காக வாதாடுவதாக வரும். இப்படித் தெரிந்த சொல்லே தெரியாத பொருளில் வருவதுதான் காவ்யென் மாணவர்களை அதிகம் வீழ்த்துகிறது. பட்டியலில் கற்ற சொல்லை அந்த வாரமே ஒரு வாக்கியத்தில் சந்திக்க வைக்க முடிந்தால் நல்லது.

எத்தனை சொல் தெரிந்தால் போதும்?

எதை வாசிப்பதற்கு என்பதைப் பொறுத்தது. செய்தித்தாளையும் நாவலையும் துணையில்லாமல் வாசிக்க எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் (ஒரு அடிச்சொல்லும் அதிலிருந்து கிளைத்த சொற்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) வேண்டும் என்பது சொல்வள ஆய்வுகளின் கணக்கு. சிஇடி நாலாம் நிலைக்கு எதிர்பார்க்கப்படுவது சுமார் 4,500 சொற்கள். ஆகவே அந்தத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தவர் ஆங்கிலச் செய்தித்தாளைத் திறந்து திகைத்துப் போவதில் ஆச்சரியம் இல்லை. அது அவருடைய குறை இல்லை என்று அவரிடம் சொல்லுங்கள்.

எந்த மாதிரிப் புத்தகம் கொடுப்பது?

படிநிலைப் புத்தகங்கள். சொற்களை வரம்பு கட்டி எழுதப்பட்டவை. சீனாவில் பரவலாக விற்கும் ஒரு வரிசையில் முதல் படிக்கு 400 தலைச்சொற்கள் (அகராதியில் தனிப் பதிவாக வரும் சொற்கள்), ஆறாம் படிக்கு 2,500. உங்கள் மாணவருக்கு 5,000 சொல் தெரியும் என்றாலும் மூன்றாம் படியிலிருந்து தொடங்குங்கள். தெரியாத சொல் ஐம்பதில் ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. 300 சொல் உள்ள பக்கத்தில் ஆறு புதுச் சொல் வந்தால் அதுவே எல்லை. அதற்கு மேல் போனால் புத்தகத்தை மாற்றுங்கள்.

இங்கே ஒரு தடை வரும்: மானம். சீனாவின் ஷென்சென் நகரத்தில் ஒரு மின்னணு நிறுவனத்தில் குழுவை நடத்தும் நாற்பது வயதுப் பொறியாளரை எடுத்துக்கொள்வோம். அவர் கையில் பூனைப் படம் போட்ட புத்தகத்தைக் கொடுத்தால் மனசு சுருங்கத்தான் செய்யும். குழந்தைக் கதைகளைத் தவிர்த்து, துப்பறியும் கதை, வாழ்க்கை வரலாறு, அறிவியல் என்று பெரியவர்களுக்கானதைத் தேடிக் கொடுங்கள். அவருடைய தொழில் சம்பந்தப்பட்ட ஆங்கிலக் கையேடுகள்கூட நன்றாக வேலை செய்யும். பொருள் தெரிந்த துறையில் மொழி எளிதாகிவிடுகிறது. காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை வாரம் ஆறு நாள் உழைக்கிற ஆளிடம் தினம் ஒரு மணி நேரம் கேட்காதீர்கள். மெட்ரோவில் போகிற இருபது நிமிடம் போதும், தினமும் நடந்தால்.

சீன மொழியில் மொழிபெயர்த்துப் பார்க்க விடலாமா?

விடலாம். ஆனால் வாக்கியம் வாக்கியமாக வேண்டாம். பத்தி முடிந்த பிறகு, அதன் சாரத்தைச் சீன மொழியில் இரண்டு வரியில் சொல்லச் சொல்லுங்கள். புரிந்ததைச் சொல்லும் ஆற்றலை ஆங்கிலப் பேச்சுத் தடுமாற்றம் மறைத்துவிடக் கூடாது. அகராதியையும் அப்படியே: பத்தி முடியும் வரை கைபேசி கவிழ்ந்து கிடக்கட்டும், அப்புறம் மூன்று சொல் மட்டும் பார்க்கலாம்.

உரக்க வாசிக்கச் சொல்வது நல்லதா?

உச்சரிப்புக்கு நல்லது, புரிதலுக்கு இல்லை. சீனப் பள்ளிகளில் காலையில் எல்லாரும் சேர்ந்து உரக்கப் படிக்கும் வழக்கம் உண்டு. அந்தப் பழக்கத்தில் வந்தவர் அழகாக வாசித்து முடிப்பார், கேட்டால் ஒன்றும் நினைவிருக்காது. அதற்குப் பதில், ஒலிநூலைக் காதில் ஓடவிட்டுக் கண்ணால் பின்தொடரச் சொல்லுங்கள். வாசிக்கிறவர் மூச்சு விடும் இடங்கள், வாக்கியம் எங்கே மடிகிறது என்று காட்டிக்கொடுக்கும். பின்னோக்கிப் போகவும் வழியிருக்காது.

"புரிந்ததா?" என்றால் எல்லாரும் தலையாட்டுகிறார்கள். உண்மையில் புரிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பதுதான் வழி. உங்களை "லாவ்ஷி" என்று அழைப்பார்கள், ஆசிரியர் என்று பொருள். அந்த மரியாதையோடு ஆசிரியரைச் சங்கடப்படுத்தக் கூடாது, சக மாணவர் முன் தானும் தலைகுனியக் கூடாது என்ற எண்ணமும் சேர்ந்து வருகிறது. "புரியவில்லை" என்பது இரண்டையும் செய்துவிடும் என்று நினைக்கிறார்கள். அதனால் ஒரு வரைபடம் வரையச் சொல்லுங்கள், நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தச் சொல்லுங்கள், அடுத்த பத்தியில் என்ன வரும் என்று ஊகிக்கச் சொல்லுங்கள். இருவர் இருவராகப் பேசவிட்டுப் பிறகு கேட்டால் வாய் திறப்பார்கள்.

சீனர்களின் சிந்தனையே சுற்றி வளைத்துப் போவது, அதனால்தான் ஆங்கிலக் கட்டுரை புரியவில்லை என்கிறார்களே?

1966-ல் ராபர்ட் கப்லன் என்ற அமெரிக்க மொழியியலாளர் ஆங்கிலச் சிந்தனை நேர்க்கோடு, கீழைச் சிந்தனை சுருள் என்று படம் போட்டுக் காட்டினார். அது பிரபலமாகி, நிறைய விமர்சனமும் வாங்கியது. அவரே பிற்காலத்தில் அதைத் தளர்த்திக்கொண்டார். அதை வைத்து ஒரு மனிதரை எடை போடாதீர்கள். உங்கள் மாணவர் சீன மொழியில் நுட்பமான கட்டுரைகளை வாசித்து, எழுதியவரின் உள்நோக்கத்தைப் பிடிக்கக்கூடியவர். அந்தத் திறமையை ஆங்கிலத்துக்குக் கொண்டுவர, ஆங்கிலச் சொற்களும் வாக்கியங்களும் அவருக்குப் பழக வேண்டும், அவ்வளவுதான்.

வெளிநாட்டில் குடியேறிய, சீனத்திலேயே அதிகம் படிக்காத வயதானவர்களுக்கு?

அது வேறு வேலை. நியூயார்க்கின் சைனாடவுனில் ஒரு உணவகச் சமையற்காரருக்குப் பள்ளியிலிருந்து வரும் கடிதம், வாடகை ஒப்பந்தம், மருந்துச் சீட்டு இவைதான் வாசிப்பு. கடிதத்தில் தேதி எங்கே, தொகை எங்கே, யார் அனுப்பியது, கையெழுத்துப் போட வேண்டுமா என்று நான்கு விஷயங்களைத் தேடக் கற்றுக்கொடுங்கள். அமெரிக்கக் குடியுரிமைக்கு வாசிப்புத் தேர்வு என்றால் மூன்று வாக்கியங்களில் ஒன்றைச் சரியாக வாசித்தால் போதும். 50 வயதைத் தாண்டி, நிரந்தரவாசியாக 20 ஆண்டு இருந்தவர்களுக்கும், 55 வயதைத் தாண்டி 15 ஆண்டு இருந்தவர்களுக்கும் ஆங்கிலத் தேர்விலிருந்தே விலக்கு உண்டு. அதை அறியாமல் பயந்துகொண்டிருப்பவர்களிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.

எனக்குச் சீனம் ஒரு சொல்கூடத் தெரியாது. இந்த வேலை செய்ய முடியுமா?

முடியும். பெயரெச்சம், லட்சக் கணக்கு, எழுவாய் இல்லாமலே ஓடும் வாக்கியம் என்று அவர்கள் எங்கே தடுமாறுவார்கள் என்பதைத் தமிழிலிருந்தே பாதி ஊகித்துவிடலாம். மீதிப் பாதிக்கு, மாணவரின் கண் எந்தச் சொல்லில் நிற்கிறது என்று பாருங்கள். ஒரு பத்தியைக் கொடுத்து, தயங்கும் இடத்திலெல்லாம் பென்சிலால் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். புள்ளிகள் புதுச் சொற்களின் மேல் இருந்தால் புத்தகம் கடினம், அடுத்த கீழ்ப் படிக்குப் போங்கள். தெரிந்த சொற்களின் மேல், "தட்", "விச்", "வுட் ஹாவ்" போன்ற இடங்களில் விழுந்தால் மேலே சொன்ன துண்டுப் பயிற்சியை அடுத்த வகுப்பிலிருந்தே ஆரம்பியுங்கள்.